நாலாம் மாடி அன்ரியின் போனுக்கு வந்த வருத்தம்

"தம்பி, என்ர போன் பழுதாப் போச்சு. ஒருக்கா வந்து பார்."

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் ஞாயிறு பின்னேரங்களில் அடிக்கடி கேட்கிற வசனம் இது. அடுக்குமாடிக்கு ஒரு 'போன் தெரிந்த பொடியன்' இருப்பான். தண்ணிப் பைப் திருத்துகிறவரைக்கூட இவ்வளவு தேடமாட்டார்கள். காசு கிடையாது. பிளேன்ரீயும் பருத்தித்துறை வடையும் வரும், பின்னாலேயே "உனக்கு இப்ப எத்தினை வயசு தம்பி?" என்ற கேள்வியும் வரும்.

நாலாம் மாடி அன்ரியின் முறைப்பாடு: "பகல் முழுக்க டிங் டிங் எண்டு கத்துது. பிள்ளை லண்டனில இருந்து எடுக்கேக்க மட்டும் சத்தமே வருதில்லை. அவள் என்னை ஏசுறாள்."

போனில் ஒரு பழுதும் இல்லை. பகலெல்லாம் கத்தியதில் வெறுத்துப்போய், இரவு சாப்பாடு முடிந்ததும் அன்ரி பக்கத்துப் பொத்தானை அமுக்கிச் சத்தத்தை முழுதாக இறக்கிவிடுகிறார். மலிவான போன்கள் பலவற்றில் கோல் மணிக்கும் மெசேஜ் சத்தத்துக்கும் ஒரே கோடுதான். ஒன்றை இறக்கினால் மற்றதும் சேர்ந்தே இறங்கும். மகள் வேலை முடிந்து எடுப்பது பின்னேரம் 5.30க்கு. லண்டனில் கோடை என்றால் கொழும்பில் அப்போது இரவு 10 மணி. குரூப்பில் வருகிற தேசிக்காய்த் தண்ணி வைத்தியத்துக்கெல்லாம் ஊரைக் கூட்டிய போன், பெற்ற பிள்ளை கூப்பிடும்போது ஊமையாகக் கிடக்கிறது.

இந்த இடத்தில் "போனைக் குறைச்சுப் பாவியுங்கோ அன்ரி" என்று புத்திமதி சொல்ல வருகிறவனை வடை கொடுக்காமலே அனுப்பிவிடலாம். பிள்ளைகளும் சகோதரங்களும் மூன்று கண்டங்களில் இருக்கிற வீட்டுக்குப் போன்தான் வாசல். அதைப் பூட்டிவிட்டு யாரும் நிம்மதியாக இருக்கப்போவதில்லை. யார் மணி அடிக்கலாம், யார் கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகலாம் என்று பிரித்து வைத்தால் போதும். அரை மணித்தியால வேலை.

முதலில் கவரைக் கழற்ற வேண்டும். அன்ரியின் கண்ணாடிக் கவருக்குள், போனின் முதுகோடு ஒட்டி, நாலாய் மடித்த 100 ரூபாய்த் தாள், வங்கிச் சிட்டை, அடையாள அட்டைப் பிரதி, பிள்ளையார் படம். சார்ஜ் ஏறும்போது போன் சூடாகும். சூடு வெளியேற வழியில்லாவிட்டால் அது தானாகவே சார்ஜ் ஏறும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். "சார்ஜ் ஏற மாட்டனெண்டுது" என்பதற்குப் பாதிக் காரணம் இந்தக் கட்டு. அடையாள அட்டைப் பிரதியை உடனே எடுத்துவிட வேண்டும். போன் தொலைந்தால் ஆளின் விபரமும் சேர்ந்தே போய்விடும். பிள்ளையாரில் கை வைக்காதீர்கள். அது தொழில்நுட்பத்துக்கு அப்பாற்பட்டது.

அடுத்தது இடப் பிரச்சினை. 32 ஜிபி போன், கால் ஜிபிகூட மிச்சமில்லை. வட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, மனேஜ் ஸ்டோரேஜ் என்று உள்ளே போனால் இரண்டு பெட்டிகள் தெரியும்: 5 எம்பிக்கு மேற்பட்டவை, பலமுறை ஃபோர்வர்ட் செய்யப்பட்டவை. இரண்டாவதைக் கண்ணை மூடிக்கொண்டே காலி செய்யலாம். ஒரே கோயில் வீடியோ நாலு குரூப்பில் வந்திருந்தால், அழிக்கும்போது எல்லாப் பிரதிகளையும் சேர்த்து அழிக்கட்டுமா என்று கேட்கும். ஆம் என்று சொல்லுங்கள். 5 எம்பிப் பெட்டியில் மட்டும் அவசரம் வேண்டாம். பேரனின் முதல் நடை அதற்குள்தான் கிடக்கும்.

அழித்தால் மட்டும் போதாது, ஊற்றை அடைக்க வேண்டும். அதே ஸ்டோரேஜ் பக்கத்தில் மீடியா ஓட்டோ டவுன்லோட் இருக்கிறது. மொபைல் டேட்டா, வைஃபை, ரோமிங் மூன்றிலும் வீடியோவை எடுத்துவிட வேண்டும். மொபைல் டேட்டாவில் படத்தையும் எடுத்துவிட்டால் ரீலோட் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். குரல் மெசேஜ்கள் எப்படியும் தானாக இறங்கும். அவற்றை நிறுத்த வழியில்லை. பிறகு சட்ஸ் பகுதிக்குள் மீடியா விசிபிலிட்டியை நிறுத்தினால், இனி வருகிற 'குட் மோர்னிங்' சூரியகாந்திப் பூக்கள் போட்டோ அல்பத்துக்குள் நுழையா. பழையவை கிடக்கும். கலியாணப் படத்தைக் காட்ட அல்பத்தைத் திறந்து இருபது பூவைத் தள்ளுகிற காட்சி எல்லா வீட்டிலும் உண்டு.

இதற்குள் இன்னொரு மறைந்த வில்லங்கம். அண்ட்ராய்டில் வட்ஸ்அப் பக்அப் இப்போது கூகுள் கணக்கின் இலவச 15 ஜிபிக்குள்தான் போகிறது. வீடியோக்களும் சேர்ந்து போனால் அந்த 15 ஜிபி நிரம்பும், நிரம்பினால் ஜிமெயிலுக்கு மெயில் வருவது நிற்கும். "வங்கி ஸ்டேட்மென்ட் அனுப்புறாங்கள் இல்லை" என்று கவுண்டரில் சண்டை பிடிப்பதற்கு முன்னால், சட் பக்அப்பில் 'வீடியோக்களையும் சேர்' என்பதை நிறுத்திப் பாருங்கள்.

இனி முக்கியமான விஷயம், குடும்ப குரூப். சிட்னியில் மச்சாள், லண்டனில் சித்தி, டொரன்டோவில் பெரியண்ணை. மூவரும் விடிய 6 மணிக்கு எழும்புகிற நல்ல பழக்கம் உள்ளவர்கள். எழும்பியதும் ஆளுக்கொரு 'குட் மோர்னிங்' பூ. ஜூலை மாதத்தில் சிட்னியின் 6 மணி கொழும்பில் நள்ளிரவு தாண்டி 1.30. லண்டனின் 6 மணி இங்கே காலை 10.30. டொரன்டோவின் 6 மணி பின்னேரம் 3.30. ஆக ஒரு காலை வணக்கம் 14 மணித்தியாலம் நீடிக்கிறது. டிசம்பரில் நிலைமை இன்னும் மோசம். அங்கெல்லாம் மணிக்கூட்டை மாற்றுவார்கள். சிட்னிப் பூ 12.30க்கே வந்துவிடும், டொரன்டோப் பூ 4.30க்குத்தான் வரும். 16 மணித்தியாலக் காலை. நடுவில் படுத்திருக்கிற கொழும்புக்காரருக்குத்தான் நித்திரை இல்லை.

"மியூட் பண்ணினா அவைக்குத் தெரியுமோ?" அன்ரி குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார், டொரன்டோவுக்குக் கேட்டுவிடும் போல.

தெரியாது. 8 மணித்தியாலம், ஒரு கிழமை, எப்போதும் என்று மூன்று தெரிவுகள் வரும், 'எப்போதும்' போதும். யாருக்கும் அறிவிப்புப் போகாது. ஆனால் குரூப்பில் போடும் மெசேஜை யார் பார்த்தார்கள் என்பது போட்டவருக்குத் தெரியும். நீல அடையாளத்தை நிறுத்தி வைத்தாலும் அது தனி உரையாடல்களுக்குத்தான், குரூப்புக்குச் செல்லாது. ஆகவே திறந்து பார்த்துவிட்டுப் பேசாமல் இருப்பது ஆபத்து. திறக்காமலே இருப்பது ஆபத்தில்லை. குரூப்பை விட்டு வெளியேறுவதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். 2022 முதல் அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்புப் போகும் என்பது உண்மை. ஆனால் விலகியவர்களின் பட்டியல் 60 நாளைக்கு எல்லோரும் பார்க்கக்கூடியதாகக் கிடக்கும். 60 நாளுக்குள் நிச்சயம் ஒரு கலியாணவீடு வரும்.

அடுத்து மகள். வட்ஸ்அப்பில் அவளுடைய பெயரைத் திறந்து, நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதியில் அவளுக்கென்று தனிச் சத்தம் கொடுக்கலாம். மெசேஜுக்கு ஒன்று, கோலுக்கு ஒன்று. வேறு யாருக்கும் கொடுக்காத சத்தமாக இருக்க வேண்டும். குசினியில் மிக்சி ஓடினாலும் பிரித்துக் கேட்கக்கூடியதாக, கொஞ்சம் அசிங்கமானதாக இருப்பது நல்லது. நாதஸ்வரம் வேண்டாம், வெள்ளவத்தையில் அது எந்தப் பக்கமிருந்தும் வரலாம்.

இரவுக்குச் சத்தப் பொத்தானைத் தொடவே கூடாது. டூ நொட் டிஸ்டர்ப் என்ற, சத்தங்களை அடக்கிவைக்கும் வசதியை இரவு 9.30 முதல் காலை 5.30 வரை தானாக இயங்க வையுங்கள். அலாரம் வழக்கம்போல அடிக்கும். கோல் பகுதியில், பெயர்ப் பட்டியலில் நட்சத்திரம் போட்டவர்களுக்கு மட்டும் அனுமதி. மகள், மகன், கீழ்மாடி டொக்டர் என்று மூன்று நாலு பேருக்கு மேல் நட்சத்திரம் போடாதீர்கள். 'மீண்டும் அழைப்பவர்' என்ற தெரிவையும் போட்டுவிட்டால், 15 நிமிடத்துக்குள் அதே இலக்கத்திலிருந்து வரும் இரண்டாவது கோல் சத்தத்தோடு வரும். ஐபோனில் அது 3 நிமிடம். ஒரு பொறி இருக்கிறது: இந்த நட்சத்திரம் சாதாரண கோலுக்கானது, வட்ஸ்அப் கோலுக்கும் உதவும் என்று நம்பிப் படுக்காதீர்கள். அந்த 10 மணிக் கோலுக்கும் உண்மையான அவசரத்துக்கும் முதலில் சாதாரண கோலில் மணி அடிக்கச் சொல்லி மகளிடம் சொல்லிவைக்க வேண்டும். அன்ரி அதைத் தூக்காமல் விட்டால் அவளுக்குச் செலவும் இல்லை. மிஸ்ட் கோல் கலாசாரத்தில் வளர்ந்த தலைமுறைக்கு இதைப் படிப்பிக்கத் தேவையில்லை.

இவ்வளவும் முடிந்து எழும்பும்போது அன்ரி இன்னொரு பழுது சொன்னார். "முந்தி ஒரு மெசேஜை ஒரே தரத்தில கன பேருக்கு அனுப்பலாம். இப்ப ஒரு ஆளுக்குத்தான் போகுது." அது 2020 ஏப்ரலில் வட்ஸ்அப் வேண்டுமென்றே போட்ட தடை. இரட்டை அம்புக்குறியோடு வருபவை ஏற்கெனவே பல கை மாறியவை. அவற்றை ஒரு தரத்தில் ஒரு உரையாடலுக்குத்தான் அனுப்பலாம். தேசிக்காய்த் தண்ணி வைத்தியத்துக்கு எப்போதும் இரட்டை அம்புதான். "அப்ப இதைத் திருத்தேலாதோ?" என்று கேட்டார் அன்ரி. முடியாது. வடைத் தட்டு ஒரு அங்குலம் பின்வாங்கியது.

அங்கிளின் பிரச்சினை வேறு வகை. அவர் குரூப் பக்கமே போவதில்லை. கதிரையில் சாய்ந்து, மகன் அனுப்பிய ஐபோனில் யூடியூப் அரசியல் ஆய்வு, முழுச் சத்தத்தில். ஒன்று முடிய அடுத்தது தானாக ஓடும். வீடியோவின் மேலே இருக்கும் ஓட்டோபிளே பொத்தானை நிறுத்தினால் ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு மௌனம் வரும். பாதிப் பேர் அந்த மௌனத்திலேயே எழும்பிவிடுவார்கள். குட்டி வீடியோக்களை அந்தப் பொத்தான் நிறுத்தாது. முடிவில்லாமல் கீழே ஓடும் பக்கத்தை 2006 இல் வடிவமைத்த அசா ராஸ்கின் என்பவரே பிறகு அதற்காக வருத்தப்பட்டார். அவருடைய வருத்தம் அங்கிள் வரை வந்து சேரவில்லை.

ஐபோனில் ஸ்கிரீன் டைம் 2018 இல் வந்தது. அதில் யூடியூப்புக்கு ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம் என்று வைக்கலாம். நேரம் முடிந்ததும் திரை மூடிக்கொண்டு மணல் கடிகாரம் காட்டும், கீழேயே 'இன்னும் ஒரு நிமிடம்', '15 நிமிடத்தில் நினைவூட்டு', 'இன்றைக்கு மட்டும் விட்டுவிடு' என்று சலுகைகளும் காட்டும். கடைசியைத் தெரிவு செய்யாத மனிதர் பிறக்கவில்லை. அதனால் 'முடிவில் தடு' என்பதைப் போட்டு, நாலு இலக்கக் குறியீடு ஒன்றை வேறொருவர் வைக்க வேண்டும். அப்ளிகேஷனோடு யூடியூப்பின் இணையத்தளத்தையும் அதே கட்டுப்பாட்டில் சேர்க்காவிட்டால், அங்கிள் பிரவுசர் வழியாகப் பின்கதவால் உள்ளே போய்விடுவார். குறியீட்டுக்கு அங்கிளுக்குச் சத்தியமாக ஞாபகம் வராத நாலு இலக்கம் வேண்டும் என்றபோது அன்ரி யோசிக்கவே இல்லை. கலியாண நாளைப் போட்டுவிட்டார்.

குரூப் மியூட்டில் ஒரு ஓட்டை உண்டு. யாராவது அட் குறி போட்டு உங்கள் பெயரைச் சொன்னால், அல்லது உங்கள் மெசேஜுக்கு நேரே பதில் போட்டால், மியூட்டையும் தாண்டி அறிவிப்பு வரும். டொரன்டோப் பெரியண்ணை இதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள்தான் எடுத்தது. "என்ன தங்கச்சி, சத்தத்தைக் காணேல்லை?" என்று பெயரைக் குறித்தே போட்டார்.

இதற்குச் செட்டிங்ஸில் மருந்து இல்லை, நேரத்தில் இருக்கிறது. கொழும்பில் பின்னேரம் 5.30. அந்த நேரம் ஜூலையில் சிட்னியில் இரவு 10, லண்டனில் பகல் 1, டொரன்டோவில் காலை 8. மணிக்கூடு மாற்றிய பிறகு 11, 12, 7. வருடம் முழுக்க நாலு இடத்திலும் ஆட்கள் விழித்திருக்கிற ஒரே வேளை இதுதான். அன்ரி இப்போது தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே அந்த நேரத்தில் ஒருமுறை குரூப்பைத் திறக்கிறார். எல்லாவற்றையும் பார்த்து, நாலு பேருக்குப் பதில் போட்டு, தன் பங்குக்கு ஒரு 'குட் மோர்னிங்' பூவும் வைத்துவிட்டு மூடுகிறார். டொரன்டோவுக்கு மட்டும்தான் அது பொருந்துகிறது. சிட்னி மச்சாள் 'குட் நைட்' பூவால் பதில் தருகிறார். சித்தி மத்தியானச் சாப்பாட்டைப் படம் பிடித்துப் போடுகிறார்.

அங்கிள் இன்னும் அந்த நாலு இலக்கத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார். தன் பிறந்த நாள், மகனின் பிறந்த நாள், பழைய காரின் இலக்கம் எல்லாம் போட்டாயிற்று. பிழையாகப் போடப் போட அடுத்த முயற்சிக்குக் காத்திருக்க வேண்டிய நேரத்தை ஐபோன் கூட்டிக்கொண்டே போகும். அந்த இடைவெளியில் அவர் பேப்பர் வாசிக்கிறார்.