சீட்டைக் கொடுத்தால் போதும்

மதுரையில் கீழமாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் அந்த நாட்டு மருந்துக் கடை இருக்கிறது. நான் கைக்குழந்தையாக இருந்தபோது அம்மா உரை மருந்து வாங்கியதே அங்கேதான். போன வருடம் கடைக்கார அண்ணாச்சி கூப்பிட்டு, "தம்பி, வெப்சைட்டுன்னு ஒண்ணு இருக்கு, அதுல ஆர்டரே வரமாட்டேங்குது. போன் மட்டும் நாள் பூரா அடிக்குது. என்னன்னு பாத்துச் சொல்லு" என்றார். இணையதள வடிவமைப்புதான் என் தொழில். சொந்த ஊர்க் கடைக்கு அதைச் செய்யக் கிடைத்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பழைய தளம் பார்வைக்கு மோசமில்லை. முகப்பில் ஓடும் படங்கள், கீழே வேர், பட்டை, விதை, பொடி, எண்ணெய் என்று பிரிவுகள். நிறத்தையும் எழுத்தையும் மாற்றக் கை பரபரத்தது. ஆனால் எதையும் தொடாமல் மூன்று சனிக்கிழமை கடையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். மொத்த வேலையிலும் உருப்படியான நாட்கள் அந்த மூன்றும்தான்.

கடைக்கு வருகிறவர்கள் யாரும் அலமாரியைப் பார்ப்பதில்லை. பர்ஸிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து நீட்டுகிறார்கள், அவ்வளவுதான். ஒரு பாட்டி நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு என்று எழுதிக்கொண்டு வந்திருந்தார். சீட்டைக் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அப்புறம் அந்தப் பேர் சொல்லாதது ரெண்டு" என்றார். கடையில் நெடுநாளாக வேலை பார்க்கும் பெரியவர் மறுபேச்சில்லாமல் இழுப்பறையைத் திறந்து இரண்டு துண்டு வசம்பை எடுத்து வைத்தார். "எத்தனை மாசக் குழந்தைம்மா?" என்று கேட்டார். ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் காகிதத்தில் மடித்து, மேலே பேனாவால் பெயர் எழுதிக் கொடுத்தார்.

அங்கேயே உட்கார்ந்து பழைய தளத்தில் 'பேர் சொல்லாதது' என்று தேடினேன். எதுவும் இல்லை. வசம்புக்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்றும் பெயருண்டு, அதற்கும் ஒன்றுமில்லை. சித்தரத்தையைப் பாதிப் பேர் 'சித்திரத்தை' என்றே சொல்கிறார்கள், அப்படி எழுதினாலும் கிடைக்கவில்லை. திப்பிலி என்று கேட்டால் பெரியவர் உடனே "கண்டந்திப்பிலியா, அரிசித் திப்பிலியா?" என்கிறார். ஒன்று வேர், மற்றொன்று காய். தளம் அப்படிக் கேட்பதே இல்லை. போன் ஏன் நாள் பூரா அடிக்கிறது என்று எனக்கு அப்போது புரிந்தது.

அடுத்து, போனில் வாங்கும் சிலரிடம் அனுமதி கேட்டுப் பேசினேன். "தளத்தில் என்ன வேண்டும்?" என்று யாரிடமும் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் மனதுக்குத் தோன்றியதைச் சொல்வார்கள். "கடைசியா எப்போ வாங்கினீங்க, எப்படி வாங்கினீங்க?" என்றுதான் கேட்டேன். கோயம்புத்தூரில் இருக்கும் ஒரு பெண், தன் அம்மா கையால் எழுதிய சீட்டைப் படம் எடுத்துக் கடையின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பியதைக் காட்டினார். தளத்தைத் திறந்தது விலை பார்க்க மட்டும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் என் முதல் மாதிரி தப்பாகத்தான் போனது. சளி, செரிமானம், மூட்டு வலி, சர்க்கரை என்று நோய்வாரியாகப் பிரித்துக் காகிதத்தில் வரைந்து கொண்டுபோனேன். அண்ணாச்சி பார்த்த உடனே தள்ளி வைத்தார். "நோய் பேரைப் போட்டு விக்கக் கூடாது தம்பி." அவர் சொன்னது முழுக்கச் சரி. 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, சர்க்கரை நோய், சிறுநீரகக் கல் உட்பட ஒரு பட்டியலில் உள்ள நோய்களைக் குணமாக்கும் என்று எந்த மருந்தையும் விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. பழைய தளத்திலேயே அப்படிச் சில வரிகள் இருந்தன. முதல் வேலையாக அவற்றை எடுத்தோம்.

சரி, எப்படித்தான் பிரிப்பது? 40 சரக்குகளின் பெயரைத் துண்டு அட்டைகளில் எழுதி, வாடிக்கையாளர்கள் ஆறு பேரிடம் கொடுத்து, "உங்களுக்குச் சேர்ந்தது போலத் தோணுறதை ஒண்ணா வையுங்க" என்றேன். வேர், பட்டை என்று ஒருவரும் அடுக்கவில்லை. குழந்தைக்கு, பிள்ளை பெற்றவளுக்கு, குளியல் பொடிக்கு, ரசத்துக்கு, தீபாவளி லேகியத்துக்கு என்று அடுக்கினார்கள். பூலாங்கிழங்கும் கோரைக்கிழங்கும் ஆவாரம்பூவும் கார்போகரிசியும் ஒரே குவியலுக்குப் போனதைப் பார்த்தபோது, முகப்பு தானாகவே வந்துவிட்டது போலிருந்தது. நோய்ப் பெயர் எதுவும் தேவைப்படவில்லை.

இரண்டாவது மாதிரியையும் காகிதத்திலேயே செய்தேன். காகிதமாக இருந்தால் மக்கள் தயங்காமல் குறை சொல்வார்கள். திரையில் பளபளப்பாகக் காட்டினால் "நல்லாருக்கு" என்று முடித்துவிடுவார்கள். முகப்பில் பெரிதாக ஒரே ஒரு கட்டம்: 'உங்கள் சீட்டை இங்கே கொடுங்கள்'. எழுதலாம், பேசலாம், படம் எடுத்துப் போடலாம். அதன் கீழேதான் அட்டையில் கிடைத்த பிரிவுகள். பிறகு அதை ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருளில் ஏற்றி, அவரவர் போனிலேயே ஐந்து பேரிடம் சோதித்தேன். இப்படிச் சோதிக்க ஐந்து பேர் போதும் என்று இணையதளப் பயன்பாட்டு நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதினார். ஐந்து பேரோடு நிறுத்து, திருத்து, மறுபடி ஐந்து பேரிடம் போ என்பதும் அவர் சொன்னதுதான். அந்தப் பின்பாதியை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

முதல் ஐந்து பேரில் நான்கு பேர் ஒரே இடத்தில் நின்றார்கள். சீட்டுப் படத்தைப் போட்டாயிற்று, அடுத்து பணம் கட்டச் சொல்கிறது. "எவ்வளவுன்னு தெரியாம எப்படிப்பா கட்டுறது?" நியாயமான கேள்வி. வரிசையை மாற்றினோம். சீட்டு போகும், கடையில் படித்து ஒவ்வொன்றுக்கும் விலை போட்டுத் திருப்பி அனுப்புவார்கள், பார்த்துச் சரி என்ற பிறகே பணம்.

இன்னொன்று அளவு. நான் 50 கிராம், 100 கிராம் என்று பொத்தான் வைத்திருந்தேன். ஒருவர் "பத்து ரூபாய்க்கு ஓமம்" கேட்டார், இன்னொருவருக்கு வசம்பு இரண்டு துண்டு வேண்டும். ரூபாய், துண்டு இரண்டையும் சேர்த்தோம். முழுசா, இடித்ததா, பொடியா என்ற கேள்வியையும் சேர்த்தோம். 'கார்ட்' பொத்தான் 'சீட்டில் சேர்' ஆனது. இரண்டாவது சுற்றில் அந்தப் பொத்தானில் யாரும் தயங்கவில்லை.

பெயர்ப் பட்டியலைப் பெரியவரோடு கடை சாத்திய பிறகு பல சாயங்காலம் உட்கார்ந்து எழுதினேன். அவர் ஒவ்வொரு இழுப்பறையாகத் திறந்து, எந்த ஊர்க்காரர் எதை எப்படிக் கேட்பார் என்று சொல்லச் சொல்ல நான் குறித்துக்கொண்டேன். ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பவர்களுக்காக ஒவ்வொரு பெயருக்கும் நாலைந்து எழுத்துக்கூட்டலும் சேர்த்தோம். இப்போது 'பேர் சொல்லாதது' என்று தேடினால் வசம்பு வருகிறது.

தீபாவளிக்கு முன் தளத்தைத் திறந்தோம். போன் இன்னும் அடிக்கத்தான் செய்கிறது, ஆனால் முன்பு போல இல்லை. சாயங்காலம் சீட்டுகள் மொத்தமாக வந்து குவிவதுதான் இப்போதைய சிக்கல். படத்தில் இருக்கும் கையெழுத்தைப் படிக்க ஆள் வேண்டும். அதற்கு இன்னும் வழி பண்ணிக்கொண்டிருக்கிறோம். குழந்தையின் வயதைக் கேட்கும் ஒரு கட்டம் வைக்கலாமா என்று நான் கேட்டபோது பெரியவர் வேண்டாம் என்றார். உரை மருந்துச் சீட்டு வந்தால் அவரே போன் எடுத்துக் கேட்கிறார்: "எத்தனை மாசக் குழந்தைம்மா?"