டிவி ரிப்பேர்னு நெனச்சேன்

நவம்பர் 12, ராத்திரி 1.40

ஹோட்டல் வேலை முடிச்சு கடைசி ட்ரெயின்ல பாரிஸ் பக்கத்துல இருக்குற சார்செல் வந்து சேர்ந்து, தட்டுல சோத்தப் போட்டுக்கிட்டு டிவிய போட்டா ஒரே ம்ம்ம்ம்ம்னு சத்தம். ஸ்பீக்கர் போச்சுடான்னு ஒயரப் புடுங்கி சொருகுறேன், அடங்கல. ஸ்க்ரீன்ல ஒரு வயசான அம்மா, பீரோ சைஸ் மெஷின் முன்னாடி உக்காந்து ஒரு குமிழ மயிரிழை அளவுக்குத் திருப்புறாங்க. இதுதான் மியூசிக்காம்! பத்து நிமிஷம் ஒண்ணுமே மாறல, அப்புறம் கவனிச்சா ஆரம்பத்துல கேட்ட சத்தம் இது இல்லவே இல்ல, எப்ப மாறுச்சுன்னும் புடிபடல. சோறு ஆறிப்போச்சு.

நவம்பர் 13

டிவில பாத்த அம்மா பேரு எலியான் ராதீக், 1932ல இதே பாரிஸ்ல பொறந்தவங்க. மெஷின் ஆர்ப் 2500 சிந்தசைசர், கரண்ட்லயே சத்தம் உண்டாக்குற வாத்தியம். நியூயார்க்ல வாங்குனப்பவே கீபோர்டு வேணாம்னு அங்கயே விட்டுட்டு வந்துட்டாங்களாம், கட்டையே இல்லாத ஆர்மோனியம் மாதிரி. புள்ளைங்க சின்னதா இருந்தப்ப நீஸ் ஏர்போர்ட் பக்கத்துல வீடு, ப்ளேன் சத்தத்த ஒண்ணொண்ணா பிரிச்சு ரசிப்பாங்களாம். எங்க தலைக்கு மேலயும்தான் போகுது, நாங்க ஜன்னல சாத்துறோம்.

நவம்பர் 17, ஞாயிறு

மரணத்தைப் பத்தி மூணு பாகம் பண்ணிருக்காங்க, ஒவ்வொண்ணும் ஒரு மணி நேரம் கிட்ட. ரெண்டாவது பேரு கைலாஷா, 1991. கைலாச மலைய மனசுலயே சுத்தி வர்றது. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடிதான் மகன் கார் ஆக்சிடெண்ட்ல போயிருக்கார். அது தெரிஞ்ச பிறகு கேக்க ஒரு மாதிரி இருக்கு.

பாண்டிச்சேரிக்கு போன் போட்டு அம்மாவுக்குக் கேக்க வச்சேன், முப்பது வருஷம் பாட்டு கிளாஸ் எடுத்தவங்க. ரொம்ப நேரம் பொறுமையா இருந்துட்டு "சரிடா, எப்ப பாட ஆரம்பிப்பாங்க?"ன்னாங்க. அப்புறம் அவங்களே ஒண்ணு சொன்னாங்க, தம்புராவுக்கு சுருதி சேக்கும்போது ரெண்டு தந்தி துளி விலகி நின்னா வொய்ங் வொய்ங்னு ஒரு அலை அடிக்கும்ல, நாங்க அது அடங்குற வரைக்கும் திருப்புவோம், இந்தம்மா அடங்கவே விடமாட்டேங்குறாங்கன்னு. நாலு நாளா நான் நெட்ல படிச்சு மண்டைய ஒடச்சுக்கிட்டது இதுதான்.

நவம்பர் 19

ஹெட்போன் இல்லாம கேக்கலாம்னு பாத்தா ஃப்ரிட்ஜோட உறுமல் குறுக்க வருது, அதுவும் வேற சுருதில. ப்ளக்கப் புடுங்கிட்டு லைட்ட அணைச்சு தரையில படுத்து முழுசா கேட்டேன், அப்படியே தூங்கியும் போயிட்டேன். காலைல எந்திரிச்சு பாத்தா இட்லி மாவு பொங்கி கீழ்த் தட்டு வரைக்கும் வழிஞ்சு கெடக்கு.