ஒரு தலைக்குள் இத்தனை பேர்

ஊரில் இருந்தவரை என் கொள்கை என்ன என்று நான் தனியாக உட்கார்ந்து யோசித்ததில்லை. கடவுள் மறுப்புக்கு அப்பா இருந்தார். முருகனுக்கு அம்மா. வடலூரையும் வள்ளலாரையும் சொல்லப் பெரியப்பா, தொழிலாளியின் உழைப்பில் முதலாளி எடுத்துக்கொள்ளும் உபரி மதிப்பைப் பற்றி மார்க்ஸ் சொன்னதை விளக்கத் தெருமுனைத் தோழர். எல்லாரோடும் மல்லுக்கு நிற்கலாம், எல்லாரிடமும் கொஞ்சம் சாய்ந்துகொள்ளலாம். சிங்கப்பூர் வந்து புக்கிட் பாஞ்சாங்கில் குடியேறிய பிறகுதான் உறைத்தது: ஆட்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள், அவர்கள் பேச்சு மட்டும் என்னோடு விமானம் ஏறியிருக்கிறது. இனி நான்தான் எல்லாருக்கும் பதில் சொல்லவேண்டும்.

அதனால் அத்தனையையும் ஒன்றாகக் கோத்துவிடத் துடித்தேன். ஆன்மா உண்டு என்கிற வள்ளலாரும், அதை மறுக்கிற பெரியாரும், உயிர்கள் தற்செயல் மாறுபாட்டாலும், சூழலுக்குப் பொருந்தியவை தப்பிப் பெருகும் இயற்கைத் தேர்வாலும் உருமாறின என்கிற அறிவியலும் ஒரே சட்டகத்துக்குள் எப்படி உட்காருவார்கள்?

உடன் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர், இங்கேயே பிறந்து வளர்ந்தவர், என்னை வாட்டர்லூ ஸ்ட்ரீட்டுக்கு அழைத்துப் போனார். சீனர்கள் வணங்கும் கருணைத் தெய்வமான குவான் இம்மின் கோயிலும் கிருஷ்ணன் கோயிலும் அடுத்தடுத்து இருக்கின்றன. குவான் இம்மிடம் வேண்டிக்கொண்ட சீனப் பாட்டிமார் அப்படியே கிருஷ்ணன் கோயில் வாசலிலும் ஊதுபத்தி ஏற்றுகிறார்கள். “பாத்தீங்களா தம்பி, இங்க யாருக்கும் குழப்பமே இல்ல” என்றார். பார்க்க நெஞ்சு நிறைந்தது உண்மை. ஆனால் என் சிக்கல் அங்கே தீரவில்லை. வேண்டுதல்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கலாம். உலகம் இப்படித்தான் இயங்குகிறது என்று அடித்துச் சொல்லும் இரண்டு கூற்றுகள் மோதினால் ஒன்றாவது விட்டுக்கொடுத்தாக வேண்டும்.

எனக்குத் துணையாகக் கிடைத்தவர் பிரிட்டிஷ் இயற்கையியலாளர் வாலஸ். ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1854-இல் இங்கே வந்து, புக்கிட் தீமாவில் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவரோடு தங்கி வண்டு சேகரித்தவர். என் வீட்டிலிருந்து அதிக தூரமில்லாத டெய்ரி ஃபார்ம் காட்டுப் பாதை ஒன்றுக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். 1858-இல் இயற்கைத் தேர்வுக் கொள்கை டார்வின் பெயரோடு இவர் பெயரிலும்தான் வெளியானது. அப்படிப்பட்டவர் பிறகு ஆவியுலக நம்பிக்கைக்குள் போனார். மனித மனத்துக்கு மட்டும் இயற்கைத் தேர்வு போதாது என்று 1869-இல் எழுதி டார்வினைக் கலங்கடித்தார். நிலம் பொதுவுடைமை ஆகவேண்டும் என்றும் போராடினார். எல்லாவற்றையும் ஒரே நோக்கில் அடக்க வாழ்நாள் முழுக்க முயன்ற மனிதர். மனம் என்று வந்த இடத்தில் தன் கொள்கைக்கே விலக்குக் கொடுத்துவிட்டார் என்பதுதான் என்னை உறுத்துகிறது. இணைப்பு கிடைக்கவேண்டும் என்ற ஆசையில் நானும் அதையே செய்துவிடக்கூடும்.

போன வாரம் அப்பாவிடம் தொலைபேசியில் கேட்டேன்: “பரிணாமத்தில சமத்துவம் எங்கப்பா இருக்கு? இயற்கை யாரையும் சமமாப் படைக்கலையே?”

“இயற்கை சொல்லித்தான் நாம மனுசனை மதிக்கணுமா? அது நாம எடுக்குற முடிவுப்பா” என்றார்.

அந்த முடிவை அடியில் வைத்து மற்றதை அதன்மேல் அடுக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சுயமரியாதை உடனே உட்கார்ந்துவிட்டது. வள்ளலார் 1867-இல் வடலூரில் பசித்தவர்களுக்காகத் திறந்த தருமசாலையும் பொருந்துகிறது, ஆன்மாவைப் பற்றிய வாதத்தை இப்போதைக்கு வெளியே நிறுத்தினால். அம்மாவின் முருகனுக்கு மட்டும் இன்னும் இடம் பிடிபடவில்லை. தைப்பூசத்துக்கு அம்மா இங்கே வருகிறார், டேங்க் ரோடு கோயிலுக்கு நடந்தே போகவேண்டுமாம். போகும் வழியில் அவரிடமே கேட்கப்போகிறேன்.