பாவிங்டன் டேங்க் மியூசியமும் ஒரு கிழட்டு ஃபெரட்டும்

நேத்து ராத்திரி பதினோரு மணிக்கு வீட்டுக்கு வந்து ரெண்டு தடவை குளிச்சாச்சு, இன்னும் நக இடுக்குல கிரீஸ் அப்படியே இருக்கு. ஒரு நல்ல சட்டையும் போச்சு. இங்கிலாந்துல இருக்கற ராணுவ டேங்க் மியூசியத்தையும், ஃபெரட்னு ஒரு பழைய கவச வண்டியையும் ரெண்டு நாள்ல பாத்துட்டு வந்த கதையை சூட்டோட எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். எப்படி போறது, எவ்வளவு ஆகும், என்ன பாக்கறதுன்னு வரிசையா எழுதணும்னுதான் ஆசை, பாப்போம்.

முதல்ல பணம். நான் ஆபீஸ் வேலையா ரெடிங்ல இருக்கேன், ஒவ்வொரு பவுண்டையும் நூத்திப்பத்தால பெருக்கிப் பாக்கற வியாதி இன்னும் விடல. டார்செட் பக்கம் வூல்னு ஒரு குட்டி ஸ்டேஷன், அங்கேயிருந்து மியூசியம் ரெண்டு மைல்தான். லண்டன்லேயிருந்து வர்றவங்க வாட்டர்லூல வேமவுத் வண்டி ஏறினா நேரா வூல்லயே இறங்கிக்கலாம். நான் பேசிங்ஸ்டோக்ல மாறி சவுத்தாம்ப்டன் வரைக்கும் ஜம்முனு போனேன். அதுக்கப்புறம் லைன்ல வேலையாம், ட்ரெயினுக்கு பதிலா பஸ்ஸாம். அந்த பஸ்ல ஹீட்டரை அணைக்கவே முடியல, ஜன்னலும் திறக்காது, எனக்கு முன் சீட்ல இருந்த பாட்டி ஒவ்வொரு ஸ்வெட்டரா கழட்டிக்கிட்டே வந்தாங்க. ஊர் ஊரா நுழைஞ்சு ஸ்டேஷன் ஸ்டேஷனா சுத்தி, ஒரு மணி நேரத்து தூரத்துக்கு ரெண்டே முக்கால் மணி நேரம். டிக்கெட்ல பத்து பைசா குறைக்கல.

வூல்ல இறங்கினா நல்ல மழை. நடந்தே போயிடலாம்னுதான் ப்ளான், ஆனா மழையில ஒரே ஒரு டாக்ஸி நின்னுச்சு, நானும் புத்தி கெட்டு ஏறிட்டேன். மீட்டர் போடல, கேட்டதுக்கு "சனிக்கிழமை ரேட்"னான். ரெண்டு மைலுக்கு இருபது பவுண்டு! ரெண்டாயிரத்து இருநூறு ரூபா! இந்தக் காசுக்கு ஆவடியிலேயிருந்து பாண்டிச்சேரி வரைக்கும் பஸ்ல குடும்பத்தோட போயிட்டு வரலாம். தயவு செஞ்சு குடை எடுத்துட்டு நடங்க, ரோடு நல்லாத்தான் இருக்கு.

ஆவடின்னு சொன்னேன்ல, நான் இங்க வந்த காரணமே அதுதான். எங்கப்பா ஹெவி வெஹிகிள்ஸ் ஃபேக்டரியில முப்பது வருஷத்துக்கு மேல வேலை பாத்தவரு. பிரிட்டிஷ்காரன் விக்கர்ஸ் கம்பெனி டிசைனை வாங்கி, விஜயந்தான்னு பேரு வெச்சு, 1965லேயிருந்து நம்ம ஆவடியில டேங்க் செஞ்சாங்க. சின்ன வயசுல மத்த பசங்க அப்பா ஆபீஸ் கதை சொல்லுவாங்க, எங்க வீட்ல கியர் பாக்ஸ் கதை. அதனால எனக்கு டேங்க்னா சண்டை இல்ல, ஆயில் வாசனை.

மியூசியத்துக்கு வருவோம். பாவிங்டன்ல 1916லேயிருந்தே ராணுவம் டேங்க் ஓட்டக் கத்துக்கொடுக்குது. முதல் உலகப்போர் முடிஞ்சு பழைய டேங்க் எல்லாம் இரும்புக் கடைக்குப் போறதுக்கு இங்க வந்து குவிஞ்சுது. 1923ல 'ஜங்கிள் புக்' எழுதின ருட்யார்ட் கிப்ளிங் வந்து பாத்துட்டு, இதையெல்லாம் மியூசியமா வைக்கலாமேன்னு சொன்னாராம். பொது ஜனத்தை உள்ள விட்டது 1947லதான். இப்போ கிட்டத்தட்ட 300 வண்டி. 1915ல லிங்கன் ஊர்ல செஞ்ச லிட்டில் வில்லிங்கற முதல் மாதிரி டேங்க் இங்கதான் நிக்குது, அதுக்கப்புறம் முதல்முதலா சண்டைக்குப் போன மார்க் 1 ரகத்துல உலகத்துல மிச்சம் இருக்கற ஒரே டேங்க்கும் இங்கதான். அந்தக் கால டேங்க்கை நேரா ஓட்டறதுக்கே நாலு பேர் வேணும், டிரைவர், பக்கத்துல பிரேக் பிடிக்க கமாண்டர், பின்னாடி வலப்பக்க செயினுக்கு (டேங்க்குக்கு சக்கரம் மாதிரி ஓடற இரும்புப் பட்டை) ஒரு கியர் ஆளு, இடப்பக்கத்துக்கு ஒரு கியர் ஆளு. சத்தத்துல பேச்சு கேக்காது, எல்லாம் சைகைதான். அதுவும் எஞ்சின் உக்காந்திருக்கற அதே அறையில எட்டு பேரும்! நான் வந்த பஸ்ஸை மனசுக்குள்ள மன்னிச்சுட்டேன்.

கூட்டம் முழுக்க ஜெர்மன் டைகர் முன்னாடிதான். 1943ல துனீசியாவுல பிடிச்ச வண்டி, ஓடற நிலைமையில இருக்கு, சரி, பெரிய விஷயம்தான், ஆனா அதை மட்டும் பாத்து செல்ஃபி எடுத்துட்டு கேன்டீனுக்குப் போறவங்களை நினைச்சா பாவமா இருக்கு. அந்த கேன்டீன் பத்தி ஒரே வரி: வீட்லேயிருந்து புளிசாதம் கட்டிட்டுப் போங்க.

நான் நின்னது மட்டில்டாங்கற பிரிட்டிஷ் டேங்க் கிட்ட. 1940ல பாலைவனத்துல இத்தாலிக்காரன் குண்டு சட்டுனு ஏறாம நின்ன வண்டி, முன் பக்கத் தகடு 78 மில்லிமீட்டர். உள்ள என்ன எஞ்சின்னு நினைக்கறீங்க? லண்டன் பஸ் செஞ்ச அதே ஏஇசி கம்பெனியோட டீசல் எஞ்சின் ரெண்டு, பக்கத்துல பக்கத்துல. அவசரத்துக்கு கையில இருந்ததை மாட்டியிருக்காங்க. ரெண்டு எஞ்சின் நடுவுல கை நுழைய இடம் இல்ல, ரிப்பேர் பாக்கறவன் தலையெழுத்து. அப்படிப்பட்ட வண்டியை இங்க வொர்க்‌ஷாப்ல வருஷக்கணக்கா பிரிச்சு மேஞ்சு மறுபடி ஓட வெச்சிருக்காங்க.

அங்க பேசிட்டிருந்த ஒரு வயசான வாலண்டியர்கிட்ட, "எல்லா வண்டியையும் ஏன் ஓட வைக்கல?"ன்னு கேட்டேன். மனுஷன் அரை மணி நேரம் விடல. ஓட ஓட தேயும், தேஞ்ச பாகத்தை மாத்தினா ஒரிஜினல் போகும், பத்து வருஷம் கழிச்சு பாத்தா பேரு மட்டும்தான் பழசுங்கறார். அதனால ஒத்தை வண்டி மிச்சம் இருக்கற மார்க் 1 மாதிரி விஷயத்தை ஸ்டார்ட் பண்ற பேச்சே கிடையாது. பெயிண்ட்டும் அப்படித்தான், சுரண்டினா அடியில பழைய படைப்பிரிவு நம்பர், பாலைவன மஞ்சள்னு படிப்படியா வருமாம், அதை பளபளன்னு அடிச்சு மூடினா அந்த வண்டி எங்க எங்க போச்சுங்கற கதையே அழிஞ்சுடும். நம்மூர்ல கோயில் சிலைக்கும் கல்தூணுக்கும் எனாமல் பெயிண்ட் அடிக்கறாங்களே, அது ஞாபகம் வந்துச்சு.

இன்னொண்ணு சொன்னார், எனக்கு தெரியவே தெரியாது. இருட்டுல தெரியணும்னு அந்தக் கால மீட்டர் முள்ளுல ரேடியம் பெயிண்ட் அடிச்சிருப்பாங்களாம். ஒளி எப்பவோ செத்துடுச்சு, கதிர்வீச்சு மட்டும் அப்படியே இருக்கும். எஞ்சின் பக்கம் கேஸ்கெட், பிரேக் லைனிங் எல்லாம் ஆஸ்பெஸ்டாஸ். பழைய டேங்க்கை ஆர்வக்கோளாறுல ஸ்பேனர் எடுத்துப் பிரிக்கற வேலை வேணாம், முதல்ல அளந்து பாக்கணும்.

2013ல திறந்த ஒரு பெரிய ஷெட் இருக்கு, மியூசியத்துக்குள்ள இடம் இல்லாத வண்டியெல்லாம் அதுலதான். வெளியில மழையில நின்னா என்ன ஆகும்னு கேக்கவே வேணாம், தகடு தாங்கும், ரப்பரும் ஒயரும் தாங்காது.

சீஃப்டன் டேங்க் முன்னாடி நின்னு அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். விஜயந்தாவுக்கும் சீஃப்டனுக்கும் ஒரே குடும்பத்து எஞ்சின், எல்60. ஒரு சிலிண்டருக்குள்ள ரெண்டு பிஸ்டன் எதிரும் புதிருமா முட்ட வரும், ஆறு சிலிண்டர், பன்னெண்டு பிஸ்டன், டூ ஸ்ட்ரோக். டீசல், பெட்ரோல் எது கிடைச்சாலும் ஊத்தி ஓட்டணும்னு நேட்டோக்காரங்க அப்போ ஆசைப்பட்டாங்க, அதுக்காக வந்த டிசைன். கேட்ட பவரும் நம்பிக்கையும் வர்றதுக்கு வருஷக்கணக்கா திருத்தம் மேல திருத்தம் போட்டாங்க, இதுல ரகசியம் ஒண்ணும் இல்ல. அப்பா கண்ணாடியைப் போட்டுட்டு ஃபோனை மூக்குக்கிட்ட வெச்சுப் பாத்தாரு. "டேய், பின்னாடி போ. எஞ்சின் மேல் மூடி, அந்த டெக்கைக் காட்டு"ன்னாரு. கயிறு கட்டியிருக்காங்கப்பா, போகக்கூடாதுன்னேன். "என்னடா மியூசியம், எஞ்சினைக் காட்டாம பீரங்கியைக் காட்டறான்"னு கட் பண்ணிட்டாரு.

பக்கத்துலயே முதல் உலகப்போர்ல பேர் வாங்கின பிரிட்டிஷ் அதிகாரி லாரன்ஸ் ஆஃப் அரேபியா குடியிருந்த க்ளவுட்ஸ் ஹில் வீடு இருக்கு, 1923ல பேரை மாத்திக்கிட்டு இங்க டேங்க் படையில சாதா சிப்பாயா சேர்ந்த ஆளு. போகல. டாக்ஸி பயம்.

ஆனா ட்ரிப்போட நிஜமான பாகம் ஞாயித்துக்கிழமைதான். ஆபீஸ்ல கூட வேலை பாக்கற பொண்ணோட அப்பா சாலிஸ்பரி பக்கம் ஒரு கிராமத்துல இருக்கார், ரிட்டயர்டு, ஷெட்ல சொந்தமா ஒரு ஃபெரட் வெச்சிருக்கார். ஃபெரட்னா டைம்லர் கம்பெனி செஞ்ச நாலு சக்கர குட்டி கவச வண்டி, 1952லேயிருந்து 1971 வரைக்கும் 4,409 வண்டி செஞ்சாங்க, நம்ம இந்திய ராணுவத்துலயும் ஓடியிருக்கு. இங்க நாப்பது வருஷம் தாண்டின வண்டின்னா ரோடு டாக்ஸ் கிடையாது, டயர் வண்டிங்கறதால தெருவுலயும் ஓட்டலாம். செயின் வெச்ச வண்டின்னா தனியா ஹெச் வகை லைசென்ஸ் எடுக்கணும். துப்பாக்கியெல்லாம் செயலிழக்க வெச்சதுதான்.

"சும்மா பாக்க வந்தியா, கை குடுக்க வந்தியா?"ன்னார் பெரியவர். வாயைத் தொறந்து கை குடுக்கறேன்னுட்டேன், சட்டை அங்க போச்சு.

அன்னைக்கு வேலை பெவல் பாக்ஸ், அதாவது சுத்தற திசையைத் திருப்பி விடற பல்சக்கரப் பெட்டி, அதுல ஆயில் மாத்தறது. ஃபெரட்ல நடுவுல எஞ்சின் சக்தியை இடப்பக்கம் வலப்பக்கம்னு பிரிச்சு விடற டிஃபரன்ஷியல் ஒண்ணே ஒண்ணுதான். அங்கேயிருந்து சக்கரத்துக்கு ஒண்ணா நாலு ஷாஃப்ட், ஒவ்வொண்ணும் ஒரு பெவல் பாக்ஸ்ல போய் திரும்பி சக்கரத்துக்குப் போகும். பிரச்சனை என்னன்னா ஒரு பக்கத்து முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒண்ணோட ஒண்ணு பூட்டின மாதிரி, ஒரே வேகத்துலதான் சுத்தும். சேத்துல, புல்லுல ஓட்டினா டயர் கொஞ்சம் வழுக்கி சரி பண்ணிக்கும். தார் ரோட்டுல வழுக்காது, வளைவுல முன் சக்கரம் ஒரு தூரம், பின் சக்கரம் ஒரு தூரம் போகும், அந்த வித்தியாசம் முழுக்க ஷாஃப்ட்ல முறுக்கா ஏறும், ஏறி ஏறி கடைசில கியர் பல்லு உடையும். அதனால நாலு டயரும் ஒரே அளவு தேஞ்சிருக்கணும், ஒண்ணு மட்டும் புதுசு போட்டா ஆபத்து. இதைக் கேட்டதும் எனக்கு நம்மூர்ல ஒரு டயர் மட்டும் கடன் வாங்கிப் போடற ஆட்டோ அண்ணன்கள் கண்ணு முன்னாடி வந்தாங்க.

வண்டிக்கு அடியில படுத்தேன். ஆயில் வடிக்கற முதல் ப்ளக்கே அசையல. நான் என் பையிலேயிருந்து மெட்ரிக் ஸ்பேனரை எடுத்தேன், பெரியவர் என் கையைத் தட்டி விட்டார். போருக்கப்புறம் செஞ்ச இந்த வண்டியெல்லாம் யூஎன்எஃப் மரை, போர்க்கால வண்டின்னா பிஎஸ்எஃப், விட்வொர்த், எல்லாமே இன்ச் அளவு, மெட்ரிக் போட்டா போல்ட் தலை உருண்டுடும். சூடு பண்ணி, ஆயில் விட்டு, டீ குடிச்சு, மறுபடி சூடு பண்ணி, ஒண்ணே கால் மணி நேரம் கழிச்சு ப்ளக் கழண்டுச்சு. கழண்ட வேகத்துல ஆயில் முக்கால்வாசி என் மேல. பெரியவர் சிரிக்கல, பேசின்ல விழுந்த மிச்ச ஆயிலை விரல்ல தொட்டுத் தேய்ச்சு, வெளிச்சத்துல தூக்கிப் பாத்து, இரும்புப் பொடி மினுமினுப்பு இல்ல, கியர் பல்லு நல்லா இருக்குன்னார்.

சக்கரத்துல சிவப்பு பெயிண்ட் அடிச்ச நட்டு ஒரு வட்டம் இருந்துச்சு. அதைத் தொட்டா வீட்டை விட்டுத் துரத்திடுவேன்னார். ரிம் ரெண்டு பாதியா சேர்த்த ரிம், காத்து இருக்கும்போது அந்த நட்டைக் கழட்டினா பாதி ரிம் பறந்து வந்து ஆளைக் கொன்னுடும்.

மத்தியானம் அவங்க வீட்டம்மா போட்ட ஆப்பிள் கிரம்பிளும் சூடான கஸ்டர்டும், அடடா, மூணு கிண்ணம் சாப்பிட்டேன், வெக்கமே இல்ல. ரெண்டு நாள்ல காசு குடுக்காம கிடைச்ச ஒரே நல்ல விஷயமும் அதுதான்.

அப்புறம் ஒரு ரவுண்டு போனோம். ஸ்டியரிங் தலைகீழா சாஞ்சிருக்கு, மேல் பக்கம் நம்ம நெஞ்சைப் பாத்து வருது. கியர் முன்னாடியே லீவர்ல தேர்ந்தெடுத்து வெச்சுட்டு, இடது கால் பெடலை அமுக்கினாத்தான் மாறும். அரைகுறையா அமுக்கினா பெடல் திருப்பி உதைக்கும், காலையே ஒடிக்கற வேகத்துல. அஞ்சு கியர், அஞ்சுமே ரிவர்ஸ்லயும் உண்டு, எதிரியைப் பாத்தா அதே வேகத்துல பின்னாடி ஓடணும்ல. என்னை ஓட்ட விடல, மேல டரட்ல, அதான் துப்பாக்கிக் கூண்டுல, தலையை நீட்டிக்கிட்டு நின்னேன். ரோல்ஸ் ராய்ஸ் பி60 எஞ்சின், ஆறு சிலிண்டர், சத்தம் எதிர்பாத்த மாதிரி இல்ல, மெதுவா முணுமுணுக்குது. ஒவ்வொரு வளைவுக்கு அப்புறமும் ஒரு பக்கத்து சக்கரத்தை ரோட்டோரப் புல்லுல ஏத்தி இறக்கினார், முறுக்கு 'டக்'னு விடறது காலுக்கடியில தெரியுது. பின்னாடி வந்த காருக்கு ஒண்ணும் புரியல.

பெட்ரோல் போட நிறுத்தினார். டேங்க் 96 லிட்டர், அதுல 300 கிலோமீட்டர் போகுமாம், கணக்கு போட்டா லிட்டருக்கு மூணு. அதுவும் சாதா பெட்ரோல் ஆகாது. 2021லேயிருந்து சாதா பெட்ரோல்ல பத்து பர்சென்ட் எத்தனால், பழைய ரப்பர் ட்யூபையெல்லாம் அரிச்சுடும், அதனால விலை ஜாஸ்தியான அஞ்சு பர்சென்ட் ரகம்தான். பாதி டேங்க்குக்கு நான் காசு குடுக்கறேன்னு பர்ஸை எடுத்தேன், வேணாம்னார். ரொம்ப வற்புறுத்தல, உண்மையைச் சொல்லணும்ல.

திரும்பி வரும்போது ட்ரெயின்லயே அப்பாவுக்கு ஃபோட்டோ எல்லாம் அனுப்பிட்டேன். பெவல் பாக்ஸ் ஃபோட்டோவைப் பாத்துட்டு அங்க நடுராத்திரியில வாய்ஸ் மெசேஜ்: "வடிச்ச ஆயில்ல காந்தம் விட்டுப் பாத்தாரா? விரல்ல தேய்ச்சா பொடி தெரியாதுடா." பெரியவருக்கு அப்படியே இங்கிலீஷ்ல அனுப்பினேன். காலையில பதில் வந்திருக்கு, காந்தம் வேற வேலைக்கு எடுத்தது எங்கயோ தொலைஞ்சு போச்சு, ஆயிலை இன்னும் கொட்டல, இன்னைக்கே வாங்கிப் பாக்கறேன், உங்கப்பா வேற என்ன சொன்னார்னு கேட்டிருக்கார்.

அப்பா என்ன சொன்னார்ங்கறதை அப்படியே மொழிபெயர்க்க முடியல. "காந்தம் இல்லாம என்னய்யா ஷெட்டு"ன்னார்.