ஒற்றை அண்டிப்பருப்பு

“சாப்பிடலாமா மக்களே?” என்று அவர் என்னிடம் கேட்டார். “இன்னும் வேண்டாம் அம்மா, நான் சொல்கிறேன்” என்றேன்.

நடந்தது இவ்வளவுதான். ஏழு மாதமாகிறது. வேலையில் இதைவிடப் பெரிய தவறுகள் செய்திருக்கிறேன், அவையெல்லாம் மறந்துவிட்டன. இது மட்டும் போகவில்லை.

சர்க்கரை நோய் முகாம்களில் உணவியல் ஆலோசகருக்குக் கடைசி அரைமணி நேரம்தான் கிடைக்கும். ரத்தம் எடுத்து, கண் பார்த்து, கால் பார்த்து, எல்லோரும் வீட்டு நினைப்பில் இருக்கும்போது நான் எழுந்து நிற்க வேண்டும். வெறும் பட்டியலை வாசித்தால் யார் கேட்பார்கள்? அதனால்தான் ‘உணர்ந்து உண்ணுதல்’ என்று ஒரு பயிற்சியைச் சேர்த்துக்கொண்டேன். புதிதல்ல. 1979இல் ஜான் கபட்-ஜின் மாசசூசெட்ஸில் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சியில் ஓர் உலர் திராட்சையைத் தருவார்கள். பார்க்க வேண்டும், தொட வேண்டும், முகர வேண்டும், காத்திருக்க வேண்டும், பிறகுதான் வாயில் போட வேண்டும். அள்ளி விழுங்குகிற பழக்கத்தை ஒரு திராட்சையால் கொஞ்சம் தடுத்து நிறுத்துகிற முயற்சி. நம்புகிறேன், இன்றும்.

சர்க்கரை நோயாளிகளிடம் திராட்சை எதற்கு என்று அண்டிப்பருப்பு, அதாவது முந்திரிப் பருப்பு, வாங்கிக்கொண்டு போனேன். கால் கிலோ, என் கைக்காசு. நம் ஊர்ப் பொருள் என்ற நினைப்பும் இருந்தது. வந்திருந்த இருபத்திரண்டு பெண்களில் பெரும்பாலோர் அண்டியாபீசில், முந்திரி ஆலையில், வேலை செய்கிறவர்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் வாங்கினேன். இதை இங்கே சொல்லாமல் விட்டால், தெரியாமல் செய்துவிட்டேன் என்று வாசிக்கிறவர்கள் எனக்குச் சலுகை கொடுத்துவிடுவீர்கள்.

ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். “இதுவரை பார்த்தே இராத ஒரு பொருளைப் பார்ப்பதுபோலப் பாருங்கள்” என்றேன். கூடம் முழுக்கச் சிரிப்பு. கேலியில்லாத, நல்ல சிரிப்பு. நானும் சிரித்தேன். அப்போதே நிறுத்தியிருக்கலாம்.

இரண்டாவது வரிசையில் ஓரமாக இருந்த அம்மா சிரிக்கவில்லை. ஐம்பது தாண்டியவர். இளவயதில் அண்டி தல்லிய, தோட்டை உடைத்துப் பருப்பெடுத்த, கை. தோட்டின் எண்ணெய் பொள்ளவைத்த தழும்புகள் விரல் நுனிகளில் கறுத்துக் கிடந்தன. இப்போது தரம் பிரிக்கும் பிரிவில் இருக்கிறார். பருப்பை ஒரு தடவை, ஒரே தடவை, திருப்பிப் பார்த்தார். “இது 320. முனை ஒடிந்திருக்கிறது, கழித்துப் போட வேண்டியது. முழுப் பருப்பின் விலையா கொடுத்தீர்கள்? எந்தக் கடை?” என்றார். 320 என்றால் ஒரு பவுண்டுக்கு ஏறத்தாழ அத்தனை பருப்பு நிற்கும் என்று கணக்கு. 240 அதைவிடப் பெரியது. நான் பதில் சொல்லாமல் அடுத்த படிக்குப் போனேன். “கண்ணை மூடுங்கள். முகர்ந்து பாருங்கள். வாயில் நீர் ஊறுகிறதா என்று கவனியுங்கள்.” அப்போதுதான் அவர் கண்ணைத் திறக்காமலே, சாப்பிடலாமா என்று, அந்தக் கேள்வியைக் கேட்டார்.

பயிற்சியின்படி என் பதில் சரி. காத்திருப்பதுதான் அதன் உயிர். உடனே சாப்பிடச் சொன்னால் அதற்குப் பெயர் பலகாரம். ஆனால் திரும்பும் வழியில் முகாமுக்கு வந்த இன்னொரு பெண் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தார். எடை போட்டுக் கொடுத்து எடை போட்டு வாங்குகிற இடம் அண்டியாபீஸ், நொறுங்கல் ஒன்றைக்கூட வாயில் போட முடியாது என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, மழையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். எனக்குத்தான் குழித்துறைப் பாலம் வரைக்கும் வேறெதுவும் காதில் விழவில்லை. முப்பது வருடம் கையில் பருப்போடு காத்திருந்த ஒருவரிடம், இன்னும் கொஞ்சம் காத்திருங்கள் என்று நான் பாடம் நடத்தியிருக்கிறேன்.

கூட வேலை செய்யும் செவிலியர் இதைக் கேட்டுவிட்டு, “நீங்களாக ஏதேதோ நினைக்கிறீர்கள் மேடம். எல்லோரையும் போல அவரும் அடுத்தது என்ன என்று கேட்டார். அவ்வளவுதான்” என்றார். இருக்கலாம். அவர் ஏன் கேட்டார் என்று அவரைத் தவிர யாருக்குத் தெரியும்? அவருக்காக நான் இங்கே வருத்தப்படுவதுகூட ஒருவகை மேட்டிமையாக இருக்கலாம்.

அவர்தான் உண்மையான ஆசிரியர், ஒரே பார்வையில் எடையும் குறையும் சொன்ன அவருடைய கவனத்துக்கு முன் என் பயிற்சி என்ன பெரிது என்று எழுதி முடித்துவிடலாம். ஒரு நாள் அப்படி எழுதவும் செய்தேன். மறுநாள் கிழித்தேன். அவருடைய கவனம் கூலிக்குக் கொடுத்த கவனம். அதைத் தியானம் என்று நான் பெயர் சூட்டினால் யாருக்கு லாபம்?

அன்று கொடுத்த அச்சிட்ட உணவுப் பட்டியலையும் பிறகு எடுத்துப் பார்த்தேன். காலையில் ஓட்ஸ். கடைசி வரியில் ‘வீட்டில் சமைத்ததையே உண்ணுங்கள்’. விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டுகிறவர்களுக்கு இந்த அறிவுரை! அவர்கள் தூக்குவாளியில் கொண்டுவருவது சம்பா அரிசிக் கஞ்சி, சிறுபயறு, தேங்காய்ச் சம்மந்தி. மீன் மலிந்த நாளில் முள்ளோடு மென்றுவிடும் சாளை, அதாவது மத்தி. அரிசியில் குறைவான லைசின் பயறில் இருக்கிறது; பயறில் குறைவான மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. நான் கல்லூரியில் மனப்பாடம் செய்த பொருத்தம் அந்த வாளியில் தானாகவே இருக்கிறது. மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். நூறு கிராமில் ஏறத்தாழ 38 கிராம் மாவுச்சத்து. புரதம் ஒன்றரை கிராம்கூட இல்லை. பஞ்ச காலத்தில் இந்த மண்ணைக் காப்பாற்றிய கிழங்குதான், மறுக்கவில்லை. வேகவைத்த நீரை வடித்துக் கொட்ட வேண்டும் என்பதை எனக்கு முன்பே இங்கு எல்லோரும் அறிவார்கள். அதற்காகச் சர்க்கரை நோயாளி இராத்திரிக்குத் தட்டு நிறைய வைத்துக்கொள்ளலாமா? கூடாது. இதைச் சொல்லும்போது என் குரலில் தயக்கம் இருக்காது. நிதானமாகச் சாப்பிடுங்கள் என்று சொல்லும்போதுதான் இப்போதெல்லாம் நாக்கு இடறுகிறது. நானே மதியச் சோற்றை மேசையில் கோப்புகளுக்கு நடுவில் ஆறு நிமிடத்தில் முடிக்கிற ஆள் என்பது இன்னொரு பக்கம்.

போன மாதம் அந்த அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தார். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 8.9 இருந்தது 8.0 ஆகியிருந்தது. எனக்கு மகிழ்ச்சி பொங்கிவிட்டது; வகுப்பு வீண்போகவில்லை என்று ஒரு நொடி நிமிர்ந்துகூட உட்கார்ந்தேன். “என்னம்மா செய்தீர்கள்?” என்று கேட்டேன். “ஆபீஸ் பூட்டிக் கிடக்கிறது மக்களே. ஆப்பிரிக்காவிலிருந்து அண்டி வரவில்லை. இரண்டு மாதமாக வீட்டில்தான் இருக்கிறேன். இருந்து சாப்பிடுகிறேன்” என்றார். வயிறு நிறையச் சாப்பிடுகிறாரா என்று கேட்டிருக்க வேண்டும். கோப்பில் ‘நல்ல முன்னேற்றம்’ என்று எழுதினேன். எண் அப்படித்தான் சொன்னது.

எழுந்து கதவு வரை போனவர் திரும்பி நின்றார்.

“அன்றைக்குத் தந்த அந்தப் பருப்பு எந்தக் கடையில் வாங்கியது என்று நீங்கள் சொல்லவே இல்லையே.”

கடையின் பெயரைச் சொன்னேன்.