லிபும் சுட்ட ஞாயிற்றுக்கிழமை

ரொம்ப நாள் ஆசை இன்று நிறைவேறியது. பழைய ரோமானியர்கள் தெய்வத்துக்குப் படைத்த ‘லிபும்’ என்ற பாலாடைக்கட்டி ரொட்டியை வீட்டில் சுட்டேன்.

குறிப்பை எழுதி வைத்தவர் கேட்டோ. கி.மு. 2ஆம் நூற்றாண்டு ரோமானிய அரசியல்வாதி. வேளாண்மை பற்றிய நூலில் போகிற போக்கில் நாலே வரி: 2 ராத்தல் பாலாடைக்கட்டியை நன்றாக அரைத்துக்கொள், 1 ராத்தல் கோதுமை மாவு, இன்னும் மென்மையாக வேண்டுமென்றால் அதற்குப் பதில் அரை ராத்தல் நயமான மாவு, ஒரு முட்டை. பிசைந்து, இலைமேல் வைத்து, மண்மூடி கவிழ்த்து, மெதுவாகச் சுடு. அவ்வளவுதான். சர்க்கரை, ஈஸ்ட் எதுவும் கிடையாது. ரோமானிய ராத்தல் சுமார் 327 கிராம். நான் பாதி அளவுதான் போட்டேன்.

ரிக்கோட்டா என்ற மென்மையான பாலாடைக்கட்டியை இரவே துணியில் கட்டித் தொங்கவிட்டேன். தண்ணீர் வடியாவிட்டால் மாவு உருண்டையாக நிற்காது. அடியில் லாரல் இலை. நம் பிரியாணிக்குப் போடும் பிரிஞ்சி இலை வேறு மரம், வாசமும் வேறு. ரோமானியர்கள் மூடிமேல் தணலைக் குவிப்பார்கள். நான் மண்சட்டியைக் கவிழ்த்து ஓவனில் வைத்துவிட்டேன்.

முக்கால் மணி நேரம் கழித்துச் சட்டியைத் தூக்கினேன். மேலே பொன்னிறம், அடியில் இலை நரம்பு அச்சு அப்படியே பதிந்திருந்தது. பிட்டதும் ஆவியோடு அந்த இலை வாசம். தேன் ஊற்றிச் சாப்பிட்டோம். கேட்டோ தேன் சொல்லவில்லை, அது என் ஆசை.