குறியீட்டில் வினை இருக்கட்டும்

எண்களை அல்லாமல் சொற்களை ஆராயும் பண்புசார் ஆய்வில், நேர்காணலின் ஒவ்வொரு பகுதிக்கும் அதன் பொருளைச் சொல்லும் சிறு பெயர் இடுவதைத்தான் குறியிடுதல் என்கிறோம். அதைப் பழக வருபவர்கள் முதலில் கேட்பது, எந்த மென்பொருள் நல்லது என்றுதான். என்விவோ, அட்லஸ்.டிஐ, மேக்ஸ்கியூடிஏ, எதுவானாலும் சரி. வெட்டி அடுக்கித் தரும், யோசித்துத் தராது. முதல் ஒன்றிரண்டு நேர்காணல்களையாவது ஓரம் அகலமாக விட்டு அச்சிட்டுப் பென்சிலால் குறியிடச் சொல்வேன். முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

இரவுப் பணியில் இருக்கும் செவிலியர் ஒருவர் இப்படிச் சொல்வதாக வைத்துக்கொள்வோம்: “எல்லோரும் தூங்கிய பிறகுதான் உட்காருவேன். உட்கார்ந்தாலும் காது வார்டிலேயே இருக்கும்.” புதியவர் ஓரத்தில் ‘பணிச்சுமை’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார். அது கோப்பின் மேல் ஒட்டும் தலைப்பு. அதை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. இந்த வரியில் செவிலியர் என்ன செய்கிறார்? ‘ஓய்வைத் தள்ளிப்போடுதல்’, ‘உட்கார்ந்தபடியே காவல் இருத்தல்’. வரிக்கு வரி இப்படி வினையாகவே குறியிடச் சொன்னவர் சமூகவியலாளர் கேத்தி சார்மாஸ். ‘காது வார்டிலேயே இருக்கும்’ என்ற செவிலியரின் சொற்களையே குறியீடாகவும் வைக்கலாம். அதற்கு இன்விவோ குறியீடு என்று பெயர். ஆனால் காதுக்கு இனிக்கும் வாக்கியங்களையெல்லாம் அள்ளி வைத்துக்கொண்டால் குறியீட்டுப் பட்டியல் மேற்கோள் தொகுப்பாகிவிடும்.

இன்னொரு செவிலியர், “அவர்கள் தூங்கிவிட்டால் நானும் கொஞ்சம் கண்ணயர்வேன்” என்கிறார். இரண்டையும் அருகருகே வையுங்கள். ஒருவருக்கு ஏன் காவல், மற்றவருக்கு ஏன் உறக்கம்? முதலாமவர் வார்டில் தனியாக இருந்தாரா? சமூகவியலாளர்கள் கிளேசரும் ஸ்ட்ராஸும் 1967இல் முன்வைத்த தொடர் ஒப்பீடு இதுதான். அந்தக் கேள்வி எழுந்த நொடியிலேயே குறியிடுவதை நிறுத்திவிட்டு, தோன்றிய யோசனையை நினைவுக்குறிப்பாக எழுதிவிட வேண்டும். மாலையில் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் கேள்வியின் கூர்மை போய்விடும்.

ஒரே நேர்காணலை இருவர் குறியிட்டால், அவர்களுடைய குறியீடுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்ணான கோஹனின் கப்பா எவ்வளவு என்று கேட்பவர்கள் உண்டு. குறியீடுகளையும் அவற்றின் வரையறைகளையும் பட்டியலிடும் குறியீட்டேடு ஒன்றை வைத்துக்கொண்டு பெரிய குழு வேலையைப் பங்கிடும்போது அந்த எண் உதவும். தனியாக ஆய்வேடு எழுதும் மாணவரிடம் அதைக் கேட்பது வீண் சடங்கு என்பது என் கருத்து. உளவியலாளர்கள் பிரானும் கிளார்க்கும், தரவில் திரும்பத் திரும்ப வரும் கருத்துகளைக் கருப்பொருள்களாகத் திரட்டும் தங்கள் கருப்பொருள் பகுப்பாய்வுக்கு அந்த எண்ணே பொருந்தாது என்கிறார்கள். எனக்கு எண்ணைவிட, இருவரும் முரண்பட்ட வரிதான் முக்கியம். ‘காவல்’ என்று ஒருவரும் ‘பயம்’ என்று மற்றவரும் எழுதியிருந்தால், ‘காவல்’ என்பதன் வரையறையைத் திருத்த வேண்டியிருக்கும். திருத்தினால், முடித்துவைத்த நேர்காணல்களையும் மறுபடி எடுத்துக் குறியிட வேண்டும். எல்லோரும் தட்டிக்கழிப்பது இந்த வேலையைத்தான்.